பழசு முதலில் வரும்

என் கணவர் துணி வியாபாரி. கள்ளக்குறிச்சி கடைவீதியில் சின்னதாக ஒரு கடை உண்டு என்றாலும் எங்களுக்கு வியாபாரம் மலையில்தான் ஜாஸ்தி. வாரம் ஒருமுறை நைட்டி, லுங்கி, பாவாடை, பள்ளிக்கூடத்து யூனிபாரம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி மொபெட்டில் ஏற்றிக்கொண்டு, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போவார். வெள்ளிமலைப் பக்கம் ஊர் ஊராக விற்றுவிட்டு, திரும்பும்போது புளியோ கடுக்காயோ சாமையோ வாங்கி வருவார். கள்ளக்குறிச்சி அப்போது தனி மாவட்டம் ஆகியிருக்கவில்லை.

நான் அவருக்கு இரண்டாவது மனைவி. மூத்தவள் மஞ்சள் காமாலையில் மவுத்தானபோது அவளுடைய பெண் குழந்தைக்கு மூன்று வயது. அடுத்த வருடம் அவருக்கும் எனக்கும் நிக்காஹ் நடந்தது. எனக்கென்று குழந்தை பிறக்கவில்லை. அந்தப் பெண்தான் என்னை அம்மா என்று கூப்பிட்டு என் மடியில் வளர்ந்தாள்.

அடுக்களையில் இருந்த எவர்சில்வர் பாத்திரங்களில் முக்கால்வாசி மூத்தவள் சீராகக் கொண்டு வந்தவை. ஒவ்வொன்றின் விளிம்பிலும் அவள் பெயர் வெட்டியிருந்தது. தினமும் அந்தப் பெயரைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைப்பது என் வேலை. அவளைப் பற்றி என் கணவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால், இவ்வளவுதான் என்று மனதுக்குள் ஒரு கணக்குக்கு வந்திருப்பேன். பேசாததால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்றே தெரியவில்லை. ஆறு வருடங்கள் அந்தத் தெரியாமையோடுதான் குடும்பம் நடத்தினேன்.

அவர் விழுந்த அன்று மலையில் தூறல் போட்டிருக்கிறது. இறங்கி வரும்போது ஒரு வளைவில் மொபெட் வழுக்கி, தலை ரோட்டோரத் தடுப்புக் கல்லில் மோதிவிட்டது. பின்னால் மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வந்த குட்டியானை வண்டிக்காரர்கள் கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் அவரைப் படுக்கவைத்துக் கச்சிராயபாளையம் வரை கொண்டுவந்து, அங்கிருந்து ஆம்புலன்ஸில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நானும் மாமியும் ஆட்டோ பிடித்து ஓடினோம். மாமி என் கணவரின் அம்மா.

நாங்கள் போனபோது அவர் படுக்கையில் உட்கார்ந்திருந்தார். காதோரம் ரத்தம் உறைந்திருந்தது. ஆனாலும் நன்றாகப் பேசினார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "மூட்டய எடுத்து வச்சாங்களான்னு கேளு, மழையில நனஞ்சிரப்போவுது" என்றார். மாமிக்கு உயிர் வந்தது. லேசான அடிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லச் சொன்னாள். நான் சொல்லிவிட்டு வருவதற்குள் அவர் வாந்தி எடுத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் பேச்சு குழறியது. பிறகு எவ்வளவு கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. உடனே சேலத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள்.

சேலத்து ஆஸ்பத்திரியில் மூளை டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். நடுவில் நேராக இருக்கவேண்டிய ஒரு கோடு ஒரு பக்கமாக வளைந்திருந்தது. எனக்குப் புரிகிற மாதிரி அவர் பொறுமையாகச் சொன்னார்.

"அடிபட்டது மட்டும் பிரச்சன இல்லம்மா. அடிபட்ட மூள வீங்குது. காலு வீங்குனா தோலு விரிஞ்சு குடுக்கும். மண்ட ஓடு விரியாது. அதனால வீக்கம் மூளையத்தான் நசுக்கும்."

முதலில் மருந்தால் முயன்றார்கள். அவரை ஆழ்ந்த தூக்கத்தில் போட்டு, மூச்சுக்கு மெஷின் வைத்து, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, வீக்கம் வடிய பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். வடியவில்லை. கடைசியில் மண்டை ஓட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டால் வீங்குகிற மூளைக்கு இடம் கிடைக்கும் என்றார்கள். எடுத்த எலும்பை வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவார்களாம். உடம்புக்குள்ளேயே இருந்தால் கெடாதாம். சில மாதம் கழித்து எடுத்து மறுபடி தலையில் பொருத்துவார்களாம். மாமி காதைப் பொத்திக்கொண்டாள். நான்தான் மனைவி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் முடிந்து பார்த்தபோது தலை முழுக்கக் கட்டு. ஒரு பக்கத்தில் 'இங்கே எலும்பு இல்லை' என்று கட்டின்மேலேயே பேனாவால் எழுதியிருந்தார்கள். முகம் உப்பி, வேறு யாரோ போல இருந்தார். ஆனால் ஸ்கேனில் அந்தக் கோடு மெல்ல நேராகிக்கொண்டு வந்தது. தூக்க மருந்தைக் குறைத்தார்கள். தொண்டையில் குழாய் இருந்ததால் அவரால் பேச முடியாது. ஒருநாள் கண் திறந்து உதட்டை அசைத்தார். நானும் மாமியும் பக்கத்தில் நின்றோம்.

மாமி குனிந்து உதட்டையே பார்த்தாள். "அவளத்தான் கூப்புடுறான்" என்றாள். மூத்தவளின் பெயரைச் சொன்னாள்.

தண்ணீர் கேட்கிறார் என்றேன் நான். நர்ஸிடமும் தண்ணீர் என்றே சொன்னேன். உதடு மறுபடி அசைந்தது. மாமி மறுபடி அந்தப் பெயரைச் சொன்னாள். மயக்கத்தில் இருக்கிற மனுஷனின் உதட்டுக்காக மாமியாரும் மருமகளும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்று அடம்பிடித்தோம். குழாயை எடுத்த பிறகு அடம்பிடிக்க எதுவும் இல்லை. கரகரத்த குரலில் முதன்முதலாக அவர் சொன்னது அந்தப் பெயர்தான். ஆறு வருடமாக வீட்டில் யாரும் உரக்கச் சொல்லாத பெயர்.

"அவ எங்க போனாம்மா? இன்னும் வரலியா?"

மாமி அழுதுகொண்டே வெளியே போய்விட்டாள். நான் ஈரத்துணியால் அவர் வாயைத் துடைக்கக் கையை நீட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணாங்க. எங்க வூட்டுக்காரி வந்துருவா. நீங்க போங்க."

மனைவியிடம் ஒரு ஆண் பேசுகிற பேச்சு எப்படி இருக்கும், அடுத்த வீட்டுப் பெண்ணிடம் பேசுகிற பேச்சு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? எனக்கு 'ங்க' போட்டார். பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். உடம்பு துடைக்கப் போனால் போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டார். ஒரு ஆண் நர்ஸ் வந்தால்தான் கையை எடுப்பார். தொழுகை விடாதவர், அந்நியப் பெண்ணை நிமிர்ந்து பார்க்காதவர் என்று கடைவீதியில் அவருக்கு நல்ல பெயர். அந்தப் பெயர் எவ்வளவு சரி என்பதை நானே அந்நியப் பெண்ணாக நின்று தெரிந்துகொண்டேன். தலை உடைந்து கிடந்தபோதும் அவர் தன் மனைவிக்குத் துரோகம் செய்யவில்லை. அந்த மனைவி நான் இல்லை, அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டு நான்தான் சொன்னேன். அவங்க மவுத்தாகி ரொம்ப வருஷம் ஆச்சு, நான் உங்க ரெண்டாவது சம்சாரம் என்றேன். நம்பாமல் மாமியைப் பார்த்தார். மாமி தலையை ஆட்டினாள். அவர் அழுத அழுகையை நான் யாரிடமும் பார்த்ததில்லை. உடம்பு அசையவில்லை, சத்தம் வரவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் காதுக்குள் வடிந்துகொண்டே இருந்தது. தூங்கி எழுந்தார். "அவ வரலியா?" என்றார். எல்லாம் மறந்திருந்தது. மறுபடி சொன்னேன். புதிதாகக் கேட்பதுபோல மறுபடி அதே அழுகை. ரத்த அழுத்தம் ஏறுகிறது, இனி அந்தப் பேச்சை எடுக்காதீர்கள் என்று டாக்டர் தடுத்துவிட்டார். இவர் கேட்கும்போதெல்லாம் தியாகதுருகத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க, வந்துருவாங்க என்று சொல்லத் தொடங்கினோம். அவளுக்கு நானும் 'ங்க' போட்டேன். எனக்காக இந்த மனுஷர் எப்போதாவது இப்படி அழுவாரா என்ற கேள்வி என் மார்பில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். ஏன் என்னை மட்டும் மறந்தார்?

அவர் என்னை மட்டும் மறக்கவில்லை என்றார் டாக்டர். கடைசி ஏழெட்டு வருடங்கள் மொத்தமாகவே இப்போது அவருக்குக் கைக்கு எட்டவில்லை. "பழசு முதல்ல வரும்மா. புதுசு மெதுவாத்தான் வரும். இது அவர் தேர்ந்தெடுக்குறது இல்ல." சிலருக்கு எல்லாமே திரும்பிவிடும், சிலருக்குக் கொஞ்சம் போனது போனதுதான் என்றும் சொன்னார். வலிப்பு வராமல் இருக்க மாத்திரை, எலும்பு இல்லாத பக்கம் அடிபடாமல் கவனம், கோபம் வந்தால் எதிர்த்துப் பேசாமல் விலகி நிற்பது, இதெல்லாம் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்.

அவர் தேர்ந்தெடுக்கவில்லை என்பது என் புத்திக்குப் புரிந்தது. ஆனால் வரிசையில் அவள் எனக்கு முன்னால் நின்றாள். அது கண்ணுக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகளைப் பார்த்தார். அப்போது அவளுக்குப் பத்து வயது. கதவோரம் நின்றவளைப் பார்த்து, இது யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். அவள், "நாந்தான் அத்தா, பாப்பா" என்றாள். அவர் சிரித்தார். தங்கள் பாப்பாவுக்கு இப்போதுதான் பேச்சே வருகிறது என்று அவளிடமே சொன்னார். பிள்ளை சமையலறைக்கு ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி.

அது நீடிக்கவில்லை. பெற்ற தாயைப் பற்றி அவளுக்கு எதுவும் நினைவில் இல்லை. சொல்லவும் ஆள் இல்லாமல் வளர்ந்தவள். இப்போது அத்தா வாய் ஓயாமல் சொன்னார். மூத்தவளுக்கு முடி எவ்வளவு நீளம், தேங்காய் துருவும்போது பாதியைத் தின்றே தீர்த்துவிடுவாள், ரிஷிவந்தியத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் செருப்பைத் தொலைத்துவிட்டு அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள், இப்படி. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்துவிடுவாள். "அப்புறம்? அப்புறம் இன்னா பண்ணாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நான் அடுக்களையில் வெங்காயம் உரித்தபடி கேட்பேன். யாரோ ஒரு பிள்ளைக்கு அவர் கதை சொல்கிறார், யாரோ ஒரு பெரியவரிடம் அவள் தன் அம்மாவைக் கேட்டு வாங்குகிறாள். இரண்டு பேருக்கும் நான் தேவைப்படவில்லை. ஒருநாள் மகள் என்னிடம் வந்து, தன் முடியும் அம்மா மாதிரி நீளமாக வளருமா என்று கேட்டாள். அம்மா என்று அவள் சொன்னது என்னை இல்லை.

சாப்பாட்டிலும் அவள்தான் நின்றாள். எது வைத்தாலும் வாசனையே இல்லை என்று தட்டைத் தள்ளுவார். மூத்தவள் வைக்கிற மாதிரி இல்லை என்பார். நானும் பட்டை கிராம்பைக் கூட்டிப் பார்த்தேன், நெய்யில் தாளித்துப் பார்த்தேன். அடுத்த முறை சேலம் போனபோது டாக்டர் சோதித்துவிட்டு, மோதின வேகத்தில் மோப்ப நரம்பு அறுந்திருக்கும், இனி எதன் வாசனையும் தெரியாது என்றார். அப்படியானால் அவர் கடைசியாக முகர்ந்ததாக நினைவில் வைத்திருந்தது அவள் சமையல். இனி நான் என்ன சமைத்தாலும் அதற்குப் பக்கத்தில் போக முடியாது.

இதற்கு நடுவில் மாமி மூத்தவளின் தங்கையை வரவழைத்தாள். தியாகதுருகத்திலேயே கட்டிக்கொடுத்த பெண். பார்க்க அக்காவைப் போல இல்லை என்பார்கள், ஆனால் குரல் அப்படியே அக்காவின் குரல். வாசலில் அவள் சலாம் சொன்ன சத்தத்துக்கே உள்ளே படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவள் உள்ளே போனதும் முகத்தைப் பார்த்துக் குழம்பினார். பிறகு தங்கைதான் என்று புரிந்து, "அக்கா அனுப்புச்சாளா?" என்று கேட்டார். அவள் அழுதுவிடாமல், ஆமாம் மச்சான் என்றாள்.

அவள் கஞ்சி ஊட்டினால் வாயைத் திறந்தார். மாத்திரை கொடுத்தால் விழுங்கினார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. வந்த நாளிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். அவளுடைய அக்காவின் இடத்தில் நான் இருப்பதால் அந்த முறை. அதைக் கேட்கக் கேட்க எனக்கு எரிந்தது. என்னை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட அந்த வீட்டில் ஒரு ஆள் இல்லை.

சில நாள் பார்த்துவிட்டு மாமியிடம் சொல்லிவிட்டேன், அவளைப் போகச் சொல்லுங்கள் என்று.

"அவன் நாலு வாய் சாப்புட்றான்ல, அது போதாதா ஒனக்கு?" என்றாள் மாமி.

"போதாதுங்க மாமி. நான் ஊட்டி சாப்புடணும்."

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இரண்டு நாள் எனக்கு முகம் கொடுக்கவில்லை.

கிளம்புகிற அன்று காலை அந்தப் பெண் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். போகிறவளிடம் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. "ஒங்க அக்காவும் இவரும் எப்பிடி இருந்தாங்க?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "ஐயோ அக்கா, அவங்க ரெண்டு பேரும் போடாத சண்ட இல்லீங்க. வாடி போடின்னு தெருவுக்கே கேக்கும். அக்கா கோச்சிக்கினு எங்க வூட்டுக்கு வந்துரும். மச்சான் பின்னாடியே வண்டிய எடுத்துக்கினு வந்து வாசல்லயே நிப்பாரு."

அவள் என்னை ஆறுதல்படுத்தத்தான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் வாழ்க்கையும் பொன்னாக இல்லை என்று நான் தெரிந்துகொள்ளட்டும் என்று. எனக்கு வேறு மாதிரி பட்டது. ஆறு வருடத்தில் என் கணவர் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. பாக்கியசாலி என்று என் அம்மா வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நான் கோபித்துக்கொண்டு எங்கும் போனதில்லை, அவர் எந்த வாசலிலும் வந்து நின்றதில்லை. அந்தச் சண்டைகளுக்கும் சேர்த்து அவள்மேல் எனக்குப் பொறாமை வந்தது.

தங்கை போன பிறகு இரண்டு வேளை அவர் பட்டினி கிடந்தார். மூன்றாம் வேளை, வேறு வழியில்லாமல், என் கையால் கஞ்சி குடித்தார். ரொம்ப சிரமம் கொடுக்கிறேங்க என்று மன்னிப்புக் கேட்டார்.

உடம்பு தேறத் தேற அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைக்குப் போகவேண்டும் என்று ஆரம்பித்தார். தலையில் ஒரு பக்கம் குழி விழுந்து, இருமினால் அந்தத் தோல் துடிப்பது வெளியே தெரியும். அந்த நிலையில் கடைவீதி நெரிசலுக்குள் எப்படி விடுவது? ஒருநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் வாசலை மறித்து நின்றேன். போகக்கூடாது என்றேன். அவர் முகம் சிவந்தது. கையில் இருந்த டீ டம்ளரைச் சுவரில் அடித்தார்.

"தள்ளுடி அந்தப் பக்கம். பெருசா சொல்ல வந்துட்டா."

மாமி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். இப்படிப்பட்ட பிள்ளையா என் பிள்ளை, ஒரு கடுஞ்சொல் வாயில் வராதே என்று புலம்பினாள். அடிபட்ட மூளையின் முன்பக்கம் கோபத்தைக் கட்டுப்படுத்தாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அது எனக்கு நன்றாகத் தெரியும். உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தேன். ஆனால் மனசு குளிர்ந்திருந்தது. அவர் எனக்கு 'ங்க' போடவில்லை. அந்நியப் பெண்ணிடம் யாரும் அப்படிக் கத்த மாட்டார்கள். நோய்தான் கத்தியது என்றாலும் என்னைப் பார்த்துத்தான் கத்தியது. டீக்கறையை நானே துடைத்தேன். வேறு யாரையும் துடைக்கவிடவில்லை.

அதற்குப் பிறகு மரியாதை போய்விட்டது. சில நாள் 'நீ', சில நாள் 'நீங்க' என்று மாறி மாறி வந்து, கடைசியில் 'நீ' நின்றது. நான் யார் என்று தெரிந்து சொன்னாரா, பழக்கத்தில் சொன்னாரா, கேட்கப் பயமாக இருந்தது.

மூத்தவளின் மரணம் அவருக்குத் தானாகவே திரும்பி வந்தது. ஜும்மா தொழுகைக்காகக் கை கால் கழுவி ஒளூ செய்துகொண்டிருந்தார். குழாயை மூடாமல் அப்படியே நின்றுவிட்டார். நான் போய்க் குழாயை மூடினேன். மாமி உள்ளேதான் இருந்தாள். அவளைக் கூப்பிடாமல் என்னிடம் கேட்டார்.

"அவ மவுத்தாயிட்டால்ல? கண்ணெல்லாம் மஞ்சளா இருந்துச்சு."

"ஆமாங்க."

"நீ முன்னாடியே சொன்ன."

ஆஸ்பத்திரியில் நான் சொன்னது எங்கோ ஒரு மூலையில் தங்கியிருக்கிறது. இந்த முறை அவர் அழவில்லை. அவளை அடக்கிய கபரைப் பார்க்கவேண்டும் என்றார். தொழுகை முடிந்ததும் அவருடைய தம்பி வந்து கூட்டிப்போனார். நானும் ஆட்டோவில் கூடப் போனேன். பெண்கள் உள்ளே போகிற வழக்கம் இல்லை. கபர்ஸ்தான் கேட்டுக்கு வெளியே, ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவர் நெடுநேரம் நின்றார். எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. அதே நேரத்தில், இன்னும் எவ்வளவு நேரம் நிற்பார் என்று கேட்டையே பார்த்துக்கொண்டும் இருந்தேன். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர், வீடு வரும்வரை என் முந்தானை நுனியைக் கையில் சுருட்டி வைத்திருந்தார்.

அவள் போனது தெரிந்த பிறகுதான் அவர் நினைவில் எனக்கு இடம் கிடைத்தது. முதலில் திரும்பி வந்தது எங்கள் நிக்காஹ் இல்லை, என் முகமும் இல்லை. ஒருநாள் மத்தியானம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று சொன்னார்.

"வந்த புதுசுல நீ கெணத்துல பக்கெட்ட உட்டுட்ட. கயிறோட போயிடிச்சி."

அவளைப் பற்றி நீள முடி, தேங்காய்ப்பூ, சிரிப்பு. என்னைப் பற்றி கிணற்றில் விழுந்த பக்கெட். ஆனாலும் சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆமாம், பாதாளக்கரண்டி போட்டு நீங்கதான் எடுத்தீங்க என்றேன். அதிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. மகளுக்கு அம்மை போட்டது, என் அத்தா மவுத்தானது, கடைக்கு ஷட்டர் மாற்றியது. மகள் யார் என்று புரிந்த அன்று அவளைக் கிட்டே கூப்பிட்டு உயரம் பார்த்தார். அவள் வெட்கப்பட்டு என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவள் என் பின்னால் வந்து ஒளிந்தது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

சில மாதம் கழித்து சேலத்தில் வயிற்றிலிருந்து எலும்பை எடுத்துத் தலையில் பொருத்தினார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டர் வீக்கத்தின் சுவடே இல்லை, நடுக்கோடு நேராக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். என் கணவர் மலைக்கு மொபெட்டில் போவதை நிறுத்திவிட்டார். மூட்டையைச் சிறிதாக்கி பஸ்ஸில் ஏற்றிப் போகிறார். கோபம் இப்போதும் வரும், வந்த வேகத்தில் போய்விடும். மாத்திரை தொடர்கிறது.

வராமல் போனது ஒரு வருடம். விழுந்த நாளும் அதற்கு முந்தைய ஒரு வருடமும் துடைத்துவிட்டது மாதிரி போய்விட்டன. இனி வர வாய்ப்பு கம்மி என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் யாருக்கும் அதில் வருத்தம் இல்லை. மூத்தவளின் நாட்கள் முழுக்கத் திரும்பிவிட்டன. போனது என் நாட்களிலிருந்து ஒரு வருடம்தான். மாமி, ஒரு வருஷம்தானே, போனா போகட்டும் என்றாள்.

அந்த வருடத்தில் ஒருநாள் இருந்தது. வாராவாரம் போகிற மலையை எனக்கு ஒருமுறை காட்டுங்கள் என்று நான் கேட்டு, அவர் என்னை மட்டும் பஸ்ஸில் அழைத்துப் போனார். வெள்ளிமலை தாண்டி ஒரு சரிவில், சாமைக் காட்டு ஓரத்தில், ஒரு பாறைமேல் உட்கார்ந்து கட்டிக் கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டோம். கை கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "ஒன்னக் கட்டிக்கினது எனக்கு நல்லதாப் போச்சு" என்றார். ஆறு வருடத்தில் அவர் எனக்குச் சொன்னது அது ஒன்றுதான்.

எலும்பு வைத்து ஒரு வருடம் ஆன பிறகு, அவரை மறுபடி அங்கே கூட்டிப்போனேன். இந்த முறை வழி காட்டியது நான். அதே பாறையில் உட்காரவைத்தேன். இங்கே நாம் வந்திருக்கிறோம் என்றேன். விருந்தாளி வீட்டைச் சுற்றிப் பார்ப்பதுபோல எல்லாப் பக்கமும் பணிவாகப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"இங்க நான் எதுனா சொன்னனா?" என்று கேட்டார்.

சொல்லியிருக்கலாம். நான் சொன்னால் நம்புவார். எனக்காகத் திருப்பியும் சொல்லுவார். ஆனால் அது நான் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும். மூத்தவளின் கதைகளை மகள் கேட்டாள், மாமி கேட்டாள், நான் கேட்டேன், தெருவே கேட்டது. இது அப்படி யார் வாயிலும் விழவேண்டாம் என்று தோன்றியது. சொன்னவருக்கே தெரியாமல் என்னிடம் மட்டும் இருக்கட்டும்.

"பலாப்பழம் நல்லாருக்குன்னு சொன்னீங்க" என்றேன்.

கீழே ரோட்டோரத்தில் ஒரு அம்மா பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்தாள். அவர் இறங்கிப் போய்ப் பேரம் பேசி ஒன்றை வாங்கினார். தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, பஸ் வருது, வா வா என்று என்னைக் கூப்பிட்டார். நான் சேலையை உதறிவிட்டு எழுந்து போனேன்.